நாற்றம் மணமாக இருந்த காலம்

இன்றைய தமிழில் நாற்றம் என்றால் மூக்கைப் பொத்த வைக்கும் வீச்சம். பழந்தமிழில் அது நறுமணத்தையும், நன்மை தீமை சேராத பொதுவான வாசத்தையும் குறித்தது. ஐம்புல நுகர்ச்சிகளை அடுக்கும் 27ஆம் குறளில் சுவை, ஒளி, ஊறு, ஓசையோடு நாற்றமும் நிற்கிறது. கற்றதை விளக்கிச் சொல்லத் தெரியாதவரை 650ஆம் குறள் நாறாத மலராகக் காண்கிறது. அங்கே நாறுவதே மலருக்குச் சிறப்பு. திருப்பாவையின் 10ஆம் பாசுரத்தில் ஆண்டாள் திருமால் முடியிலுள்ள துழாய்க்கு இச்சொல்லையே அடையாக்குகிறார்.

மார்கழி மாதத்தில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. தமிழ்த் தெருக்களில் வசையாகிவிட்ட சொல், தெலுங்கு நாட்டுக் கோயிலில் துளசியின் மணமாகவே இன்றும் ஒலிப்பது அரிய பேறு.

இந்த வட்டாரமே மொழிகள் உரசும் நிலம். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாகச் சொல்வது திருமலை அமைந்த வேங்கடத்தை. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது; தமிழ் பேசுவோர் பலர் சித்தூர் மாவட்டத்திலேயே தங்கினர். அம்மாவட்டத்தின் குப்பத்தை ஒட்டிக் கர்நாடக எல்லை. தெலுங்கில் 'கம்பு' துர்நாற்றம். கன்னடத்தில் அதே 'கம்பு' நறுமணம். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவ்விரண்டையும் தமிழின் 'கமழ்' என்பதோடு ஒரே வேரில் சேர்க்கிறது. தெலுங்கில் அவ்வேரின் 'கம்மனி' மட்டும் இனிமை குன்றாமல் நிற்கிறது. கன்னடத்திலோ கம்பு தப்பித்தது, 'நாறு' வீழ்ந்தது. மலையாளத்திலும் நாற்றம் கெட்ட வாடைதான்.

நற்பொருள் தாழ்ந்து போவதை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். மணம், வாசனை ஆகியவை நல்ல பொருளை எடுத்துக்கொள்ள, நாற்றத்துக்குக் கெட்டது எஞ்சியது. துர்நாற்றம் என்ற சொல்லே இதற்குச் சான்று: அச்சொல் பிறந்தபோதே நாற்றம் கெட்டதாக இருந்திருந்தால் 'துர்' தேவைப்பட்டிருக்காது. ஆங்கிலத்தின் 'ஸ்டிங்க்' கூடத் தொடக்கத்தில் எந்த வாசத்துக்கும் பொதுவாக இருந்து, பின்னர் தாழ்ந்தது.

அடுத்த சரிவு வாசனையில் தொடங்கிவிட்டது. கெட்டுப்போன சோற்றை முகர்ந்து தெலுங்கர் 'வாசன வஸ்தோந்தி' (வாசனை வருகிறது) என்கின்றனர். கெட்டது என்று சொல்லும் அடைமொழி எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை.