சொல் தேடிய கதை

முதுகலை மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தந்திருந்தேன். புறநானூற்றில் 'கல்' என்ற சொல் பயிலும் இடங்களையெல்லாம் தொகுத்து வரவேண்டும். நான் மாணவனாக இருந்தபோது இது ஒரு வார நூலக வேலை. இவர்களோ வகுப்பிலேயே மின்னூலைத் திறந்து, தேடு கட்டத்தில் இரண்டு எழுத்துகளை இட்டுச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். பட்டியலில் 'பகல்' இருந்தது, 'அகல்' இருந்தது. மலைக்குகையைக் குறிக்கும் 'கன்முழை' இல்லை.

இந்தச் சிறு பிழைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

1894 ஆம் ஆண்டு உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தார். பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்தது. 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவே இல்லை. ஒரு சொல்லைக் கண்டதும் அது வேறெந்த நூலில் வருகிறது என்று சொல்ல அன்றைக்கு இருந்த ஒரே கருவி, புலவர்களின் நினைவாற்றல்தான்.

நினைவின் இடத்தைச் சொல்லடைவுகள் மெல்ல நிரப்பின. 1962 இல் வ.அய்.சுப்பிரமணியம் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது. 1992 இல் தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் இருவர் சங்க இலக்கியச் சொல்லடைவை வெளியிட்டனர். இவை எல்லாக் கல்லூரி நூலகங்களையும் எட்டவில்லை. சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்குச் சொல்லடைவு என்பது பெயரளவில் அறிந்த பொருளாகவே இருந்தது.

இந்த நிலையை மாற்றியது இணையம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு.கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. ஊதியம் கருதாத ஆர்வலர்கள் பல நாடுகளிலிருந்தும் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அந்நிறுவனத்தின் மின்னூலகத்தில் மூலமும் உரையும் சேர்ந்தே கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் எவரும் புரட்டலாம்.

ஆனால் நூல் வலையேறியதும் தேடல் எளிதாகிவிடவில்லை. தொடக்க காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் இருந்தது. உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளின் குவியலாகத்தான் தெரியும். திஸ்கி, தாப், தாம் எனப் பல தரங்கள் தோன்றின. பின்னர் ஒருங்குறி பரவிய பிறகே, ஓரிடத்தில் இட்ட சொல்லை எல்லா இடத்திலும் தேடுவது இயல்வதாயிற்று. மதுரைத் திட்டமும் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறியது. இன்று மாணவனின் கைபேசியில் நொடியில் வந்து விழும் சொல்லுக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

எனினும் கருவி தேடுவது எழுத்துகளின் வரிசையைத்தான், சொல்லை அன்று. 'பகல்' என்பதன் இறுதியிலும் 'கல்' இருப்பதால் அதை எடுத்துத் தருகிறது. லகர மெய் வல்லினத்தின் முன் றகரமாகவும் மெல்லினத்தின் முன் னகரமாகவும் திரியும் என்பதை அது அறியாது. ஆகவே 'கன்முழை'யில் உள்ள கல் அதன் கண்ணில் படவில்லை. சந்தி பிரித்த பதிப்பில் கிடைப்பது பிரிக்காத பதிப்பில் கிடைக்காது. பல மின்னூல்களில் மூலம் மட்டுமே இருப்பதால், சாமிநாதையர் அடிக்குறிப்பில் காத்து வைத்த பாட வேறுபாடுகளும் தேடலுக்குள் வருவதில்லை.

மறுநாள் அந்தப் பட்டியலையே பாடமாக்கினேன். 'பகல்' ஏன் வந்தது, 'கன்முழை' ஏன் வரவில்லை என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பின்பு ஒரு மாணவி தயக்கத்துடன், "ஐயா, புணர்ச்சி விதி" என்றாள். தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்த நன்னூல் விதி அன்றுதான் அவர்களுக்குப் பயன்படு பொருளாயிற்று. 'கற்', 'கன்' என்று மீண்டும் தேடினார்கள். இப்போது 'கற்பு' வந்தது, 'கன்று' வந்தது. ஒவ்வோர் அடியையும் படித்துப் பார்த்தே தள்ளவும் கொள்ளவும் வேண்டியிருந்தது. அப்படித் தள்ளுவதற்காகப் படித்ததில் பாடத்திட்டத்தில் இல்லாத பல பாடல்கள் அவர்களுக்கு அறிமுகமாயின. ஐயம் எழுந்த இடங்களில் பழைய பதிப்பின் படிமத்தைத் திரையில் விரித்து அடிக்குறிப்பைப் பார்த்தோம்.

கைபேசியை வகுப்புக்கு வெளியே வைக்கச் சொல்லும் ஆசிரிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களின் அச்சம் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். கருவி காட்டியதோடு நின்றுவிடும் மாணவன் பகலையும் கல்லென்றே எழுதுவான். ஆனால் நூலகமே எட்டாத ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு, புறநானூற்றின் பழம்பதிப்பு முழுவதும் உள்ளங்கையில் கிடைப்பது இதுவே முதல் முறை. அதை மூடி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலக்கணத்தைக் கையில் கொடுத்துத் தேடச் சொல்கிறேன்.