கல்வராயன் மலைக்கு ஒரு அலமாரி

இன்னிக்கு எபிசோட் ஒரு புத்தக அலமாரியைப் பத்தி. கள்ளக்குறிச்சியில சமூகவியல் படிக்கிற ஒரு மாணவி, கல்வராயன் மலையைப் பத்தி ஆய்வேடு எழுத நினைக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். பல்கலைக்கழக நூலகம் அவங்களுக்காக என்ன சேர்த்து வச்சிருக்கணும்?

'கள்ளக்குறிச்சி மாவட்டம்'னு தேடினா பழைய சமாச்சாரம் எதுவும் கையில சிக்காது. இந்த மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி விழுப்புரம், 1993-க்கு முன்னாடி தென்னார்க்காடு. அதனால 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விழுப்புரத்துல தேடணும். டபிள்யூ. பிரான்சிஸ் 1906-ல எழுதின கெசட்டியரைத் தென்னார்க்காட்டுல தேடணும். மலையோட ஒரு பகுதி சேலத்துக்குள்ள வர்றதால அந்த மாவட்டத்து கெசட்டியரும் வேணும். வெள்ளைக்காரங்க மலையோட பேரையே 'கல்ராயன்'னுதான் எழுதினாங்க.

சரி, மக்கள் பேரைப் போட்டுத் தேடலாமேன்னா, அது இன்னும் வேடிக்கை. இங்க வாழ்ற பழங்குடிகளோட பேர் மலையாளி. கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்ல, பேசுறது தமிழ். ஆனா கேட்டலாக் என்னமோ கேரளத்தைத்தான் கொண்டுவந்து கொட்டும்! நூலகர் ஒருத்தர் உட்கார்ந்து இந்தப் பேர்களை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து வைக்கலைன்னா, வாங்கின புத்தகமும் வாங்காத மாதிரிதான்.

வாங்க வேண்டியதுல எல்லாரும் முதல்ல சொல்றது எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளரா இருந்தவர். கே. ரங்காச்சாரியோட சேர்ந்து 1909-ல ஏழு தொகுதி வெளியிட்டார். க. ரத்னம் மொழிபெயர்ப்புல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதைத் தமிழ்லயும் கொண்டுவந்திருக்கு. மனுஷங்களோட தலையையும் மூக்கையும் அளந்து குறிச்சவர் தர்ஸ்டன். அவர் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லலை, ஆனா அது தனியா இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

ஏன்னா இந்த மலையோட பெரிய கதை ஜாகீர். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன்னு மூணு ஜாகீர்தார்கள் கையில மலை இருந்தது. மலை மக்கள் அவங்க நிலத்துல கூலியில்லாம உழைக்கணும். நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு, 1976-லதான் அரசு ஜாகீர்களை எடுத்துக்கிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். இந்தக் கதையைப் பாடப்புத்தகத்தை விட அரசாணையிலயும் நிலப் பதிவேட்டிலயும் நீதிமன்றத் தீர்ப்பிலயும்தான் தேடணும். 2024 ஜூன்ல கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களோட வாழ்நிலை பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கிட்டது. அந்த உத்தரவுகளை அச்சடிச்சு பைண்ட் பண்ணி தர்ஸ்டனுக்குப் பக்கத்துலயே வைக்கணும்.

அரசுக் காகிதத்தை எல்லாம் நூலகம் சேர்க்குமான்னு கேட்கலாம். சேர்த்திருக்காங்க, நமக்காக இல்ல. அமெரிக்கா நமக்குக் கோதுமை வித்த காசு இங்கேயே ரூபாயா கிடந்தது. பி.எல். 480 திட்டத்துல, 1962-லிருந்து அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோட டெல்லி அலுவலகம் அந்தக் காசுல இந்தியப் புத்தகங்களையும் அரசு வெளியீடுகளையும் வாங்கி அவங்க பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிச்சுது. தமிழும் அதுல உண்டு. நம்ம ஊரைப் படிக்க சிகாகோ போறவங்க இருக்காங்கன்னா, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு, புத்தகமே இல்லாதது. ஜாகீர் முடிஞ்சப்போ இருபது வயசுல இருந்தவங்களுக்கு இப்போ எழுபது. அவங்க பேச்சைப் பதிவு பண்ணி, எழுத்தாக்கி, பேசினவங்க சம்மதத்தோட பட்டியல்ல ஏத்தலாம். ஒரு போனும், மலையேற பஸ் காசும், கேள்வி கேட்கத் தெரிஞ்ச ரெண்டு மாணவர்களும் இருந்தா இந்த செமஸ்டர்லயே ஆரம்பிச்சுடலாம்.