மறுக்கும் உரிமை யாருடையது? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பௌல் ஆட்ட விலகல்களின் வரலாறு

முன்னுரை

2016 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் ஃபோர்னெட் ஆகிய இரு ரன்னிங் பேக் வீரர்கள், தங்கள் அணிகள் பங்கேற்கவிருந்த பௌல் ஆட்டங்களில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். சில மாதங்களில் நடக்கவிருந்த தொழில்முறைத் தேர்வான டிராஃப்டுக்கு முன் காயப்பட்டுவிடக் கூடாது என்பதே காரணம். அணியைக் கைவிட்ட சுயநலம் என்று சிலரும், தொலைநோக்குள்ள முடிவு என்று சிலரும் வாதிட்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இத்தகைய விலகல்கள் பருவந்தோறும் எதிர்பார்க்கப்படும் வழக்கமாயின.

இம்மாற்றத்தை இளைய தலைமுறையின் பற்றின்மையாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. பௌல் ஆட்டத்தை மறுக்கும் உரிமை முதலில் கல்லூரிகளிடமும், பிறகு பயிற்சியாளர்களிடமும் இருந்தது. உடலைப் பணயம் வைத்து ஆடும் வீரருக்கு அது கடைசியாகவே கிட்டியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

காட்சி ஆட்டமாகப் பிறந்த பௌல்

பௌல் ஆட்டம் என்பது வழக்கமான பருவம் முடிந்தபின், டிசம்பர் இறுதியிலும் புத்தாண்டை ஒட்டியும் அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டம். பின்னர் ரோஸ் பௌல் எனப்பட்ட இதன் மூலவடிவம் 1902 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் நடந்தது. ரோஜாத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க அழைக்கப்பட்ட மிச்சிகன் அணி, ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று வீழ்த்தியது. இத்தகைய ஒருதலைப்பட்சமான ஆட்டத்தால் திருவிழாக் குழு கால்பந்தையே கைவிட்டு, தேரோட்டப் பந்தயம் முதலியவற்றுக்கு மாறியது. 1916-இல்தான் கால்பந்து திரும்பியது. பெருமந்தக் காலத்தில், 1935-இல், மயாமியின் ஆரஞ்சு பௌலும் நியூ ஆர்லியன்ஸின் சுகர் பௌலும் தோன்றின. குளிர்காலத்தில் வெளியூர்ப் பயணிகளை நகரத்துக்கு ஈர்ப்பது இவற்றின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

இவ்வாட்டங்கள் போட்டிப் பருவத்துக்கு வெளியே நின்றன என்பதற்கு இரு சான்றுகள் போதும். 1960-களின் பெரும்பகுதி வரை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் இறுதித் தரவரிசை, பௌல் ஆட்டங்களுக்கு முன்பே வெளியானது. 1968 பருவம் முதல்தான் அவை முடிந்தபின் வெளியிடும் முறை நிலைபெற்றது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கமான என்சிஏஏ, பௌல் ஆட்டப் புள்ளிவிவரங்களை வீரர்களின் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்தது 2002-இலிருந்துதான். 1988-இல் பாரி சாண்டர்ஸ் படைத்த 2,628 கெஜச் சாதனையில், அவர் ஹாலிடே பௌலில் ஓடிய 222 கெஜம் சேராதது இதனால்தான். ஆகவே, பௌல் ஆட்டம் பருவத்தின் கட்டாயப் பகுதி என்ற எண்ணம் வாதிடுவோர் கருதுமளவு பழமையானதன்று.

கல்லூரியின் மறுப்பு, பயிற்சியாளரின் விலகல்

பௌல் ஆட்டங்களை முதலில் மறுத்தவை கல்லூரிகளே. 1925 ரோஸ் பௌலில் ஆடி வென்ற நோட்ர டேம், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்தப் பௌல் அழைப்பையும் ஏற்கவில்லை. 1970 புத்தாண்டின் காட்டன் பௌலில்தான் மீண்டும் களமிறங்கியது. படிப்பு பாதிக்கப்படக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிக் டென் கூட்டமைப்பும் 1921-க்குப் பிறகு கால் நூற்றாண்டு ஒதுங்கியிருந்தது. 1947-இல் ரோஸ் பௌலுக்குத் திரும்பிய பின்னும், 1970-களின் நடுப்பகுதி வரை அந்த ஒன்றைத் தவிர வேறெதிலும் தன் அணிகளை ஆடவிடவில்லை. அந்த ஆண்டுகளில் எத்தனையோ வீரர்கள் ஆட விரும்பியும் ஆட முடியாமல் போயிருப்பார்கள். அதை யாரும் சுயநலம் என்று சொல்லவில்லை. கொள்கை என்றே மதித்தார்கள்.

அடுத்து வந்தது பயிற்சியாளரின் விலகல். 2009-இல் சின்சினாட்டி 12–0 என்று தோல்வியின்றிப் பருவத்தை முடித்திருந்தபோது, அதன் தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லி நோட்ர டேமில் புதிய பொறுப்பை ஏற்றுச் சென்றார். அவரில்லாமல் சுகர் பௌலில் ஆடிய அணி ஃபுளோரிடாவிடம் 51–24 என்று தோற்றது. இதுபோன்ற டிசம்பர் மாற்றங்கள் பல. பயிற்சியாளர் தம் எதிர்காலத்தை நோக்கிச் செல்வது தொழிலின் இயல்பாக ஏற்கப்பட்டது. ஊதியம் பெறாத மாணவ வீரரிடமே கடைசி ஆட்டம் வரை விசுவாசம் எதிர்பார்க்கப்பட்டது.

காயத்துக்கு விலை வந்த காலம்

2003 ஜனவரியில் ஃபியஸ்டா பௌலில் மயாமியின் வில்லிஸ் மெகாஹியின் முழங்கால் கடுமையாகச் சிதைந்தது. அது தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். ஆகவே, அவர் ஏன் ஆடினார் என்ற கேள்வி எழவில்லை. கணக்கை மாற்றியது 2011-இல் தொழில்முறைக் கூட்டமைப்பான என்எஃப்எல்லும் வீரர் சங்கமும் செய்த ஒப்பந்தம். அதன்படி, டிராஃப்டில் எத்தனையாவது ஆளாகத் தேர்வாகிறார் என்பதே புதிய வீரரின் முதல் நான்காண்டு ஊதியத்தை ஏறத்தாழ முடிவு செய்தது. ஒரு காயத்தால் முப்பது இடம் சரிந்தால் எத்தனை டாலர் இழப்பு என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிந்தது.

அந்தக் கணக்கை நாடே கண்ணால் கண்ட நாள் 2016 ஜனவரி 1. ஃபியஸ்டா பௌலில் ஒஹாயோ மாநில அணியின் எசெக்கியல் எலியட் நான்கு டச்டவுன் அடித்தார். எதிரணியான நோட்ர டேமின் லைன்பேக்கர் ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் தசைநார்கள் கிழிந்து நரம்பும் பாதிக்கப்பட்டது. தேசியப் பட்டத்துக்குத் தொடர்பில்லாத ஆட்டம் அது. அந்த வசந்தத்தில் இருவரையும் டல்லஸ் கௌபாய்ஸ் அணியே எடுத்தது: எலியட்டை 4-ஆம் இடத்தில், ஸ்மித்தை 34-ஆம் இடத்தில். எலியட்டின் ஒப்பந்தம் சுமார் 2.5 கோடி டாலர்; ஸ்மித்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்கு. ஸ்மித்தின் காயக் காப்பீட்டுத் தொகை அந்த இடைவெளியில் சிறு பகுதியைத்தான் ஈடுசெய்தது.

அதே ஆண்டு டிசம்பரில் மெக்காஃப்ரியும் ஃபோர்னெட்டும் எடுத்த முடிவை இப்பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அவர்கள் விலகியும் அவர்களுடைய அணிகள் வென்றன. 2017 டிராஃப்டில் ஃபோர்னெட் 4-ஆவதாகவும் மெக்காஃப்ரி 8-ஆவதாகவும் தேர்வானார்கள். அவர்கள் தவிர்த்த ஆட்டங்கள் நடந்த அதே வாரத்தில் ஆரஞ்சு பௌலில் ஆடிய மிச்சிகனின் ஜேக் பட் முழங்கால் காயமடைந்து ஐந்தாம் சுற்றுக்குச் சரிந்தார். விலகியவர்களை அணிகள் தண்டிக்கவில்லை என்பதும், ஆடியவர் இழந்தார் என்பதும் அடுத்து வந்த வீரர்களுக்குப் பாடமாயின. ஆயினும், திரும்பவும் வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஆட்டத்தை ஆடுவேன் என்று ஸ்மித்தே சொன்னதையும் பதிவு செய்வது நேர்மை. விலகலை நியாயப்படுத்த ஆடியவரின் ஈடுபாட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

விலகல் வழக்கமானது

2014 பருவத்தில் நான்கு அணிகளுடன் தொடங்கிய பிளேஆஃப் முறை, தேசியப் பட்டத்துக்கான ஆட்டங்களையும் பிற பௌல் ஆட்டங்களையும் தெளிவாகப் பிரித்தது. பிளேஆஃபில் விலகல் மிக அரிதாகவும், பிற பௌல்களில் பரவலாகவும் இருப்பது, வீரர்கள் ஆட்டத்தின் பொருளை எடைபோட்டே முடிவெடுக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

2020-இல் கொரோனாத் தொற்று இவ்வுரிமைக்கு முறையான ஏற்பைத் தந்தது. தொற்றுக்கு அஞ்சி விலகும் வீரரின் கல்வி உதவித்தொகையைக் கல்லூரி பறிக்கக் கூடாது என்று என்சிஏஏ அறிவுறுத்தியது. அந்தப் பருவம் முழுவதும் ஆடாத ஜமார் சேஸ் 5-ஆவதாகவும், பெனெய் சூவெல் 7-ஆவதாகவும், மைக்கா பார்சன்ஸ் 12-ஆவதாகவும் 2021-இல் தேர்வானார்கள். ஒரு பருவமே விட்டும் மதிப்புக் குறையவில்லை என்றபின், ஓர் ஆட்டத்தை விடத் தயங்குவானேன்?

2021 பருவ முடிவில் பிட்ஸ்பர்க்கின் கென்னி பிக்கெட்டும் மிச்சிகன் மாநில அணியின் கென்னத் வாக்கரும் பீச் பௌலைத் தவிர்த்தார்கள். ரோஸ் பௌலைக்கூட ஒஹாயோ மாநில அணியின் காரெட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் தவிர்த்தார்கள். அவர்கள் இல்லாத அந்த ஆட்டத்தில் ஜாக்சன் ஸ்மித் இன்ஜிக்பா 347 கெஜம் பந்து பிடித்து அணியை வெல்லச் செய்தார். அதே நாளில் சுகர் பௌலில் ஆடிய குவார்ட்டர்பேக் மாட் கோரலின் கணுக்கால் காயப்பட்டது. மறுபக்கம், 2022 இறுதியில் அலபாமாவின் பிரைஸ் யங்கும் வில் ஆண்டர்சனும் சுகர் பௌலில் ஆடியே 2023 டிராஃப்டில் முதலாவதாகவும் மூன்றாவதாகவும் தேர்வானார்கள். விலகல் கட்டாயமாகவில்லை; தெரிவாக நிலைத்தது.

இதன் இழப்புகளையும் மறைக்க முடியாது. 2023-இல் 13–0 என்ற கணக்கோடு பிளேஆஃபில் இடம் மறுக்கப்பட்ட ஃபுளோரிடா மாநில அணி, இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றது. டிராஃப்ட், காயம், கல்லூரி மாறும் வீரர்களுக்கான பதிவேடு ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து வேலை செய்தன. மீந்து ஆடிய மாணவர்களுக்கும் பயணச் செலவு செய்து வந்த பார்வையாளர்களுக்கும் அது அநீதியே. ஆனால் அந்த அநீதி வீரரிடமிருந்து தொடங்கவில்லை; தோல்வியே காணாத அணிக்குப் பட்டப் போட்டியில் இடமில்லை என்ற தீர்ப்பிலிருந்து தொடங்கியது.

முடிவுரை

2025 டிசம்பரில், 12 அணிகளாக விரிந்துவிட்ட பிளேஆஃபில் இடம் கிடைக்காத நோட்ர டேம், பௌல் அழைப்பு எதையும் ஏற்பதில்லை என்று அறிவித்தது. நூறாண்டுக்கு முன் படிப்பின் பெயரால் நடந்த மறுப்பு இப்போது வேறு காரணத்தோடு நிறுவனத்திடமே திரும்பியிருக்கிறது. கல்லூரி, பயிற்சியாளர், வீரர் என்ற மூவரும் இந்த ஆட்டங்களைத் தத்தம் நலன் நோக்கி எடைபோட்டே வந்துள்ளார்கள். ஆயினும், பழி வீரர்மீது மட்டுமே விழுந்தது.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தம் வருவாயை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரத் தொடங்கியுள்ளன. பௌல் ஆட்டத்தில் பங்கேற்பதை ஊதியத்தோடு இணைக்கும் வழி இனி திறந்திருக்கிறது. அது நியாயமான வழியும்கூட: ஆட்டத்தின் வருமானத்தையும் காயத்தின் இடரையும் இரு தரப்பும் பகிர்ந்துகொண்டால், ஆடும்படி கேட்பதற்குக் கல்லூரிக்கு உரிமை பிறக்கும். அப்படிப் பகிராத காலத்தில் வெறும் கையோடு களமிறங்கும்படி வீரரிடம் கோரியதே தவறு. அதை உரக்கச் சொல்லாமல் முதலில் செயலில் காட்டியவர்கள் என்ற இடத்தை, 2016-இல் விலகிய அந்த இளைஞர்களுக்கு விளையாட்டு வரலாறு தர வேண்டும்.