ஒரு ஷில்லிங் ஒண்ணேகால் பென்னி

1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி தாண்டிப் பத்து நிமிஷம். வேல்ஸில் செங்ஹெனித் என்று ஓர் ஊர். ஒரே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். சுமார் 950 பேர் பூமிக்கடியில் வேலையாக இருந்தார்கள். சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் காலி. காப்பாற்றப் போனவர்களில் ஒருவரும் சேர்த்து 440. பிரிட்டிஷ் சுரங்க வரலாற்றில் இவ்வளவு பெரிய சாவு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இத்தனைக்கும் அதே சுரங்கம் 1901-ல் ஒரு தடவை வெடித்து 81 பேரை விழுங்கியிருந்தது.

நிலக்கரி இருந்தால் மீத்தேன் இருக்கும். காற்றில் 5 முதல் 15 சதவிகிதம் வரை அது கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். அந்தப் பொறி எங்கிருந்து வந்தது என்று விசாரணையில் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் சந்தேகப்பட்ட ஆசாமிகளில் முக்கியமான ஒன்று, மணி. ஆமாம், நம் வீட்டுக் காலிங் பெல்லின் தாத்தா.

சுரங்கப் பாதை நெடுக மேலுறை இல்லாத இரண்டு கம்பிகள் ஓடும். நிலக்கரி வண்டிகளை இழுக்கும் இயந்திரக்காரருக்கு சிக்னல் தர வேண்டுமா? ஓர் அரத்தையோ கத்தியையோ குறுக்கே வைத்தால் அந்தக் கோடியில் மணி அடிக்கும். பேட்டரி கரண்ட்தானே, என்ன செய்துவிடும்?

வீலர், தார்ன்டன் என்ற இரண்டு பேராசிரியர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வில்லன் பேட்டரி இல்லை, மணிக்குள் இருக்கும் காயில். கரண்ட் ஓடும்போது சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கம்பி பிரிந்த கணத்தில் அத்தனையையும் பொறியாகக் கக்குகிறது. சேரும்போது அல்ல, பிரியும்போதுதான் ஆபத்து. பொறிக்கு வாயுவைப் பற்றவைக்கும் தெம்பே இல்லாதபடி சர்க்யூட்டை அமைத்துவிட்டால்? அந்த யோசனை இங்கிருந்துதான் வளர்ந்தது.

மணிக்குச் சரி. பம்ப்புக்கு? மோட்டாரிலும் காயில்தான், பல மடங்கு பெரிசு. ஓடுகிற பம்ப்பின் ப்ளக்கைப் பிடுங்கினால் பொறி பறக்கத்தான் செய்யும்.

இதற்கு ஜெர்மானியரான பேலிங் 1900-களின் தொடக்கத்திலேயே வழி கண்டிருந்தார். சுவிட்ச், மோட்டாரை எல்லாம் கனமான இரும்புப் பெட்டிக்குள் வை. பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்காதே! வாயு உள்ளே போகட்டும், வெடிக்கட்டும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் நெருப்பு ஆறிவிடும். கம்பிவலையால் சுடரைத் தடுத்த 1815-ம் வருஷத்து டேவி விளக்கின் அதே சூத்திரம். ஃப்ளேம்ப்ரூஃப் என்று இன்று சொல்வது இதைத்தான்.

எல்லாமே அந்த இடுக்கில் இருக்கிறது. பரிசோதனைக்கூடக் கணக்கில் மீத்தேனுக்கு 1.14 மில்லிமீட்டர் வரை தாங்கும். ஹைட்ரஜனுக்கு வெறும் 0.29. சுரங்கத்துக்கென்று செய்த பெட்டியை ஹைட்ரஜன் இருக்கும் ஆலையில் மாட்டினால் அது சும்மா பெட்டிதான்.

பம்ப்புக்கு இணைப்பு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் அதையே: எந்த வாயு? அப்புறம், ப்ளக்கா? சுவிட்சை அணைக்காமல் அது கழன்று வரவே கூடாது. வயர் உள்ளே நுழையும் கேபிள் கிளாண்ட் அந்தப் பெட்டிக்கும் கேபிளுக்கும் பொருந்த வேண்டும். சாதா பித்தளை கிளாண்டும் பார்க்க அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். விலைதான் குறைவு. பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் அதைத்தான் முதலில் பார்க்கும். நானும் காமர்ஸ் படித்தவன், எனக்குத் தெரியாதா?

கணக்கு என்றதும் செங்ஹெனித் வழக்கு. பாதுகாப்பு விதிகளை மீறியதற்காகச் சுரங்க மேனேஜருக்கு மொத்தம் 24 பவுண்டு அபராதம். கம்பெனிக்கு, அதுவும் அப்பீலுக்குப் பிறகு, 10 பவுண்டு. மேனேஜர் கட்டியதை 439-ஆல் வகுத்து ஓர் உள்ளூர்ப் பத்திரிகை தலைப்பே போட்டது: ஒரு சுரங்கத் தொழிலாளியின் உயிர், 1 ஷில்லிங் 1¼ பென்னி.

இந்தியாவில் பெட்ரோலிய இடங்களுக்கான சாதனங்களுக்கு மத்திய அரசின் பெசோ அமைப்பு ஒப்புதல் தருகிறது. ஒப்புதல் புதுப் பெட்டிக்குத்தான். ரிப்பேருக்குத் திறந்தவர் நாலு போல்ட்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டு மூன்றோடு மூடினால், இடுக்கு அகலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சான்றிதழ்த் தகடு அப்படியே பளபளவென்று இருக்கும்.