ஒட்டாஹுஹுவில் பிறந்த வண்டி: எது அசல், எது மாற்று?



சில ஆண்டுகளுக்கு முன், நான் வரிக்கணக்கு பார்த்துக் கொடுக்கும் நண்பர் ஒருவர் 1950களின் செவர்லே பிக்கப் ஒன்றை வாங்கப் போனார். துணைக்கு நானும் போனேன். எனக்கு வண்டி தெரியாது. ரசீது பார்க்கத் தெரியும்.

நண்பர் கையில் அமெரிக்கக் கையேடு. "இருக்கை உறை இதில் உள்ளதுபோல் இல்லை, பிற்பாடு மாற்றியது" என்று விலையைக் குறைத்துக் கேட்டார். விற்பவர் வயதானவர். தன் தந்தை புதிதாக வாங்கிய வண்டி, உறையைத் தொட்டதே இல்லை என்றார். நண்பர் நம்பவில்லை. பேரம் முறிந்தது.

பின்னர் படித்தபோதுதான் பெரியவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம் என்று தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1926இல் வெலிங்டன் அருகே பெட்டோனியில் தொழிற்சாலை திறந்தது. செவர்லே வண்டிகள் கனடாவிலிருந்து பாகங்களாகப் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1938இல் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு வந்தபின், உள்ளூரில் செய்யக்கூடியவற்றை இங்கேயே செய்வது இன்னும் அவசியமாயிற்று. இருக்கை உறை, பேட்டரி, டயர் போன்றவை அப்படித்தான். இவை அமெரிக்கக் கையேட்டில் எப்படி இருக்கும்?

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தணிக்கை முறைதான். செவர்லே என்ஜின் பிளாக்கில் வார்த்த தேதி புடைப்பாக இருக்கும். ஆங்கில முதல் எழுத்து என்றால் ஜனவரி, பன்னிரண்டாம் எழுத்து என்றால் டிசம்பர். அடுத்து நாள், பிறகு ஆண்டின் கடைசி எண். வண்டி முதலில் பதிவான தேதிக்குச் சில மாதம் முந்தியிருந்தால் இயல்பு. கப்பல் பயணம் உண்டல்லவா? பிந்தியிருந்தால் அந்த என்ஜின் நிச்சயம் மாற்று. கதவு, தகடுகளில் போல்ட் தலையைப் பாருங்கள். பழைய பெயின்ட் உடையாமல் மூடியிருந்தால் யாரும் கழற்றவில்லை என்று பொருள்.

நம் ஆக்லாந்திலேயே இதைவிடச் சிக்கலான வண்டி ஒன்று உண்டு. அதன் பெயர் ட்ரெக்கா. 1966 முதல் 1970களின் தொடக்கம் வரை ஒட்டாஹுஹுவில் சுமார் 2,500 வண்டிகள் தயாராயின. அடிச்சட்டமும் 1,221 சிசி என்ஜினும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கோடா ஆக்டேவியாவுடையவை. மேற்கூடு இங்கேயே தட்டையான இரும்புத் தகட்டை மடித்துச் செய்தது. பார்க்க லேண்ட் ரோவர் ஜாடை. ஆனால் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இழுவை. இதில் செக் நாட்டு என்ஜினும் அசல், ஒட்டாஹுஹு கதவும் அசல். இன்று ஒரு பட்டறையில் அதே மாதிரி தகட்டை மடித்துப் போட்டால், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். அங்கே கைகொடுப்பது பழைய புகைப்படமும் பட்டறை ரசீதும் சொந்தக்காரர் வாய்மொழியும்தான்.

1998இல் கார் இறக்குமதி வரி நீங்கியது. அதே ஆண்டில் கடைசி கார்த் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. அங்கே தைத்தவர்கள், வெல்டிங் செய்தவர்கள் பலருக்கு இன்று வயதாகிவிட்டது. உங்கள் அண்டை வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு கோப்பை தேநீரோடு பேச்சுக் கொடுங்கள், சொல்வதைத் தேதியுடன் எழுதி வையுங்கள். அன்று அந்தப் பெரியவரிடம், "உங்கள் அப்பா வாங்கிய ரசீது இருக்கிறதா ஐயா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கணக்கர் நானே கேட்கவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.