கொல்கத்தாவில் ஒரு நாள் கைவசம் இருக்கா? கார்டன் ரீச்சில் பலரும் போகாத 4 திறந்தவெளி இடங்கள்

டார்ஜிலிங், கலிம்போங் என்று மலைக்குக் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கும் கொல்கத்தா ஒரு இடைநிறுத்தம்தான். காலையில் ஹவுராவிலோ விமான நிலையத்திலோ வந்து இறங்கி, இரவு சியால்டாவில் ரயில் ஏறுவார்கள். நடுவில் கிடைக்கும் பகல் பெரும்பாலும் விக்டோரியா நினைவு மண்டபம், ஹவுரா பாலம், ஒரு பிளேட் பிரியாணியோடு முடிந்துவிடும்.

அந்தப் பகலை நகரத்தின் தென்மேற்கில், ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் கார்டன் ரீச்சில் செலவழித்தால் என்ன கிடைக்கும்?

பெயர் எப்படி வந்தது?

நதி வளையாமல் நேராக ஓடும் நீட்சியைக் கப்பல்காரர்கள் 'ரீச்' என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்திய கம்பெனியின் பெரிய அதிகாரிகள் இந்த நீட்சியின் கரையில் தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். கடலிலிருந்து கல்கத்தாவுக்குள் வரும் கப்பல் பயணிகளின் கண்ணில் முதலில் பட்டது இந்தத் தோட்டங்கள்தான். அதனால் கார்டன் ரீச்.

இன்று தோட்டங்கள் இல்லை. துறைமுகக் கிடங்குகள், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், 1961-இல் 'ஐ.என்.எஸ். அஜய்' போர்க்கப்பலைக் கட்டிய ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் கட்டும் தளம், நெருக்கியடிக்கும் குடியிருப்புகள் ஆகியவைதான் இன்றைய கார்டன் ரீச். 'டாப் 10' பட்டியல்களில் இந்த ஏரியா வராததற்கு இதுவே காரணம்.

1. சுரினாம் படித்துறை

1873 பிப்ரவரி 26. 'லல்லா ரூக்' என்ற கப்பல் சுமார் 400 ஒப்பந்தக் கூலிகளோடு கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. தென்னமெரிக்காவில் அப்போது டச்சுக் காலனியாக இருந்த சுரினாமின் பரமரிபோவை அது அடைந்தது ஜூன் 5-ஆம் தேதி. மூன்று மாதத்துக்கும் மேலான கடல் பயணம். அதன் பிறகு 1916 வரை 64 கப்பல் பயணங்களில் சுமார் 34,000 பேர் சுரினாமுக்குப் போனார்கள்.

அந்த நினைவாகத்தான் இந்தப் படித்துறைக்கு இந்தப் பெயர். கையில் மூட்டையோடு நிற்கும் ஒரு ஆண், ஒரு பெண் சிலையை இங்கே பார்க்கலாம். 'மாய் பாப்' நினைவுச்சின்னம் என்று பெயர். பரமரிபோவில் இருக்கும் சிலையின் மறுவடிவம். அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ் 2015 அக்டோபர் 7-ஆம் தேதி திறந்துவைத்தார்.

சுரினாம் மட்டுமல்ல. மொரீஷியஸ், கயானா, டிரினிடாட், ஃபிஜி என்று போனவர்களும் இந்த நதி வழியாகத்தான் போனார்கள். கப்பல் வரும்வரை அவர்களை அடைத்து வைத்திருந்த 'டிப்போ'க்கள் கார்டன் ரீச், கிதிர்பூர் பக்கம் இருந்தன. அவர்களுக்கான 'கொல்கத்தா நினைவுச்சின்னம்' 2011-இல் கிதிர்பூரில் திறக்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன தொடர்பு? அந்தக் காலத்தில் ஆள் ஏற்றிய இன்னொரு பெரிய துறைமுகம் சென்னை. தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன சுமார் 1,52,000 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஃபிஜிக்குப் போன சுமார் 60,000 பேரில் 45,000 பேர் கல்கத்தா வழியாகவும், 15,000 பேர் சென்னை வழியாகவும் போனார்கள். போன இடத்தில் சொந்த ஊர்ப் பெயர் எடுபடவில்லை. கப்பல் ஏறிய துறைமுகத்தை வைத்து ஒருவர் 'கல்கத்தியா', இன்னொருவர் 'மதராசி'. உங்கள் ஆபீஸில் டர்பனைச் சேர்ந்த ஒரு நாயுடுவோ கோவிந்தரோ இருந்தால், அவர் குடும்பக் கதையின் மறுபாதி இந்தப் படித்துறையில் இருக்கிறது.

2. சிப்தைனாபாத் இமாம்பாரா

1856-இல் அவத் ராஜ்ஜியத்தைக் கம்பெனி பறித்துக்கொண்ட பிறகு, அதன் கடைசி நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்தார். லண்டன் போய் முறையிடுவது திட்டம்; ஆனால் அவர் கல்கத்தாவைத் தாண்டவே இல்லை. 1857 கிளர்ச்சியின்போது வில்லியம் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். வெளியே வந்த பிறகு, கார்டன் ரீச்சை ஒட்டிய மேட்டியாபுரூஸில் ஒரு குட்டி லக்னோவையே எழுப்பினார். 1887-இல் இங்கேயே இறந்தார்.

1864-இல் கட்டப்பட்ட இந்த இமாம்பாராவில்தான் அவரது கல்லறை இருக்கிறது. இது வழிபாட்டுத் தலம். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், போட்டோ எடுக்கும் முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' படத்தில் அம்ஜத் கான் நடித்த அதே நவாப்தான் இவர்.

3. பிச்சாலி படித்துறையும் மேட்டியாபுரூஸ் சந்துகளும்

நவாப் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் துறை இது. இங்கிருந்து சந்துகளுக்குள் நடந்தால் பிரியாணி வாசமும் தையல் மெஷின் சத்தமும் கூடவே வரும். இந்த ஏரியாவின் பிழைப்பே ரெடிமேட் துணி. சனி, ஞாயிறில் மொத்த வியாபாரச் சந்தை கூடுவதால் சாலை நகராது. வேடிக்கை பார்க்கணும்னா வீக்எண்டில் போங்கள். நிதானமாக நடக்கணும்னா வாரநாள்தான் சரி.

ஒரு காலத்தில் இங்கே நவாபின் விலங்குக் காட்சிசாலை இருந்தது. பாம்புகளுக்கென்றே ஒரு செயற்கைக் குன்று கட்டியிருந்தார்கள் என்று, சிறுவயதில் இங்கே வாழ்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் பதிவு செய்திருக்கிறார். நவாப் இறந்ததும் சொத்துகள் ஏலம் போயின. குன்றும் மாளிகைகளும் மறைந்தன.

ஒரு சின்ன ஃபேக்ட் செக். 'கையில் காசில்லாததால்தான் நவாப் வீட்டு பிரியாணியில் கறிக்குப் பதில் உருளைக்கிழங்கு வந்தது' என்று சொல்வார்கள். ஆனால் ஆங்கிலேய அரசு அவருக்கு ஒதுக்கிய ஓய்வூதியம் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். ஒரு விலங்குக் காட்சிசாலைக்கே தீனி போட்டவர் கறிக்கு வழியில்லாமல் இருந்தார் என்பது நம்பும்படி இல்லை.

4. எதிர்க்கரையில் ஒரு மரமே காடு

நதிக்கு அந்தப் பக்கம், ஷிப்பூரில் இருக்கிறது ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் தாவரவியல் பூங்கா. 1787-இல் கர்னல் ராபர்ட் கிட் தொடங்கியது. கப்பல் கட்டத் தேக்கு, பஞ்ச காலத்துக்கு உணவுப் பயிர் என்பது அவர் போட்ட கணக்கு. பரப்பு சுமார் 270 ஏக்கர்.

இங்குள்ள பெரிய ஆலமரத்துக்கு 250 வயதுக்கு மேல். பூஞ்சை தாக்கிய நடுத்தண்டை 1925-இல் வெட்டி அகற்றிவிட்டார்கள்; 3,000-க்கும் அதிகமான விழுதுகளால் மரம் இன்னும் பரந்துகொண்டே போகிறது. 1989-இல் நடுத்தண்டு சாய்ந்த நம்ம அடையாறு ஆலமரமும் இப்படித்தான் நிற்கிறது. 2020 ஆம்பன் புயலில் இந்தப் பூங்காவுக்குப் பலத்த சேதம்.

இதற்கு ஒரு மலைத் தொடர்பும் உண்டு. டார்ஜிலிங்கில் 1878-இல் தொடங்கிய லாயிட் தாவரவியல் பூங்கா, இதன் கிளையாக உருவானதுதான். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். மற்ற மாதங்களில் வெயிலும் புழுக்கமும் படுத்தும்.
* துறைமுகம், கப்பல் கட்டும் தளம் பக்கம் கேமராவை உள்ளே வையுங்கள். ட்ரோன் யோசனையே வேண்டாம்.
* ஃபெர்ரி நேரத்தை அன்றைக்குத் துறையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.
* தமிழ் எடுபடாது; இந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும், சமாளிக்கலாம்.

ஏன் இப்போதே பார்க்க வேண்டும்?

2024 மார்ச் 17 நள்ளிரவில் கார்டன் ரீச்சில் கட்டுமானத்தில் இருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்து, 10-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதியில்லாத கட்டடம் என்று மாநகராட்சியே சொன்னது. குளத்தை மூடிக் கட்டியது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய ஒரு பகுதியில் மண்ணும் தண்ணீரும் எவ்வளவு அருகிவிட்டன என்பதை அந்த இரவு காட்டியது. மேலே சொன்ன நான்கு இடங்களும் டூரிஸ்ட்டுகளுக்கு ஒரு நாள் வேடிக்கை. இங்கே குடியிருப்பவர்களுக்கோ, மூச்சுவிட மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தில் இவையும் அடக்கம். ஆகவே, ஒரு பிளாஸ்டிக் கப்பைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள்.