நடுவும் ஓரமும்

பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் பரிந்து பேசும் தாயை ‘ஓரவஞ்சனை செய்கிறாள்’ என்பது வீடுதோறும் கேட்கும் பேச்சு. வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புரைப்பதை ‘ஓரஞ்சொல்லுதல்’ என்றனர் முன்னோர். ஓரத்துக்கு மறுதலை நடு. நீதியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுள் ஒன்று இவ்வாறு ஓர் இடத்தின் பெயராகவே அமைந்துள்ளது.

அந்த இடம் எது என்பதைப் பட்டினப்பாலை தெளிவாகக் காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நெஞ்சத்தை நுகத்தடியின் நடுவே தைத்த ஆணிக்கு ஒப்பிடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பகல் என்பது அவ்வாணியின் பெயர். அது சிறிது விலகினாலும் ஒரு மாட்டின் கழுத்தில் பாரம் மிகும், உழுதவர் அறிவர். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் இருப்பதே அவ்வணிகரின் நடுவு எனப் புலவர் விளக்குகிறார்.

இதே செய்தி சமண நூலில் வேறோர் இடத்தில் வருவது நினைக்கத்தக்கது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், கள்ளாமை விரதத்துக்கு நேரும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று அளவையும் நிறையையும் கூட்டியும் குறைத்தும் வழங்குதல். சிறிய படியால் பிறர்க்கு அளந்து, பெரிய படியால் தனக்கு அளந்துகொள்வதே இது எனப் பூச்சியபாதர் சர்வார்த்தசித்தியில் உரை கூறுகிறார். ஆகவே இல்லறத்தார்க்கு நடுவு தவறுதல் வெறும் குணக்குறை அன்று, களவின் இனம். களத்துமேட்டில் மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்னும் வழக்குகூட இவ்விரதத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. நெல் விளைத்து வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடிகளுக்கு இது ஏட்டளவில் நின்ற செய்தியாக இருந்திருக்க முடியாது.

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவு நிலைமை. அதன் முதற் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என மூவகையாரையும் எடுத்துக்காட்டுகிறார். பகைவரிடம் முறை தவறாமை அரிது. நண்பரிடம் தவறாமை அதனினும் அரிது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு உவமையாகக் கூறிய நான்கனுள் நிறைகோலும் ஒன்று. நிறைகோல் வாளா நிற்பதன்று. எடையைச் சொல்லி ஐயத்தைத் தீர்ப்பது அதன் தொழில்.

இந்தச் ‘சொல்லுதல்’ என்னும் கூறே பிற்காலத்தில் மறைந்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு குடவோலை முறையை விரிக்கிறது. சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசிக்க வேண்டும். ஒளிக்க இடமில்லாத கை அது. மத்தியஸ்தன் என்றால் நடுவில் நிற்பவன். அவன் ஒதுங்கி நின்றவன் அல்லன்.

ஒதுங்குதல் என்னும் பொருளுக்கும் சமண மரபில் இடமுண்டு, மறுப்பதற்கில்லை. மைத்திரி, பிரமோதம், காருண்யம், மாத்தியஸ்தம் என்னும் நான்கு பாவனைகளுள் இறுதியானது, எடுத்துச் சொல்லியும் கேளாதவரிடம் வெறுப்பின்றி அமைந்திருத்தல். அது திருந்த மறுப்பவரை நோக்கிய மனநிலை மட்டுமே. துன்புறுவோர்க்கு உரியது காருண்யம். இன்றோ வாக்கெடுப்பில் எப்பக்கமும் சேராதிருப்பதையே ‘நடுநிலை வகித்தல்’ எனச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தீர்ப்புரைத்தவனின் பெயர், தீர்ப்புரையாதவனுக்கு உரியதாகிவிட்டது.

சமம், சரி என்னும் சொற்களிலும் சிக்கல் உண்டு. ‘சரிபாதி’ என்பதில் சரி அளவைக் குறிக்கும். ‘சரியான பேச்சு’ என்பதில் முறைமையைக் குறிக்கும். இவ்விரண்டும் மோதும் இடம் பாகப்பிரிவினை. பெண்ணுக்குச் சீரும் நகையும் செய்தாயிற்று, ஆகவே கணக்குச் சரி என்பது நெடுங்காலப் பேச்சு. சீரை அளந்த படியும் நிலத்தை அளந்த கோலும் ஒன்றுதானா என்று கேட்டவர் சிலரே. வாரிசுரிமையில் இந்து வாரிசுரிமைச் சட்டமே சமணர்க்கும் பொருந்தும். 1989-இல் தமிழ்நாடு அரசு அதனைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான பங்கு வழங்கியது. ஆயின் அதற்கு முன் மணமானவர்க்கு அப்பங்கு இல்லை. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அவ்வேறுபாட்டையும் நீக்கியது.

எனினும் உடன்பிறந்தவளிடம் ‘விடுதலைப் பத்திரம்’ கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விடுதலை பெறுவது யார் என்பதை அப்பெயர் சொல்வதில்லை. குடும்பத்தில் பூசல் வேண்டாம் என்று அருகில் அமர்ந்து சாட்சிக் கையெழுத்திடும் பெரியவர், தாம் நடுநிலையில் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்.